எம்.எட்.டா, எம்.ஏ.வா, பிஎச்.டி.யா? ஊர்ப் பிள்ளைகளுக்காகப் படிக்க நினைக்கும் பெண்களுக்கு

நோன்பு தொடங்குவதற்கு முந்தின வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி கையில் ஃபைலோடு வந்தாள். எம்.எஸ்.சி. கணிதம், பி.எட். முடித்துவிட்டு கீழக்கரையிலேயே ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறாள். வயது 27. மாப்பிள்ளை துபாய் சபரில், அதாவது வெளிநாட்டு வேலையில், இருக்கிறார். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. "லாத்தா, நம்ம ஊருப் பொம்பளப் புள்ளைங்க படிப்புக்கு ஏதாச்சும் உருப்படியா செய்யணும். அதுக்கு நான் இன்னும் படிக்கணும். எதைப் படிக்கிறதுன்னுதான் தெரியலை" என்றாள். ஃபைலுக்குள் எம்.எட். அறிவிப்பு ஒன்று, பெங்களூர் பல்கலைக்கழகம் ஒன்றின் எம்.ஏ. அறிவிப்பு, தொலைநிலைக் கல்வி விளம்பரம், பிஎச்.டி. நுழைவு விவரம் என்று எல்லாம் அச்செடுத்து அடுக்கியிருந்தாள்.

அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசினோம். இதே கேள்வியோடு அதிராம்பட்டினத்திலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் எனக்குப் போன் வந்திருக்கிறது. அதனால் அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அவளிடம் நான் முதலில் கேட்டது, "எந்தப் புள்ளைக்காக?" என்றுதான். முஸ்லிம் பெண் கல்வி என்று பொதுவாகச் சொன்னால் எந்தப் படிப்பும் பொருத்தமாகத்தான் தெரியும். கீழக்கரையில் 1988-ல் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி வந்தது. அதற்கு முன்பு டிகிரி படிக்க ஆசைப்பட்ட பெண், மதுரைக்கோ, சென்னையில் 1955-லிருந்து நடக்கும் எஸ்.ஐ.இ.டி. கல்லூரிக்கோ போக வேண்டும். போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இப்போது பிள்ளைகள் தெருமுனையில் கல்லூரி பஸ் ஏறுகிறார்கள். நாடு முழுவதும் எடுத்துக்கொண்டாலும், மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி 2021-22-ல் உயர்கல்வியில் இருந்த முஸ்லிம் மாணவர் சுமார் 21 லட்சம். அதில் ஏறத்தாழ சரிபாதி பெண்கள். மக்கள்தொகையில் 14 சதவீதத்துக்கும் மேலிருக்கும் சமுதாயத்துக்கு அந்த 21 லட்சம் குறைவுதான். ஆனால் சமுதாயத்துக்குள்ளே ஆணுக்குப் பெண் பின்தங்கியிருக்கிறாள் என்ற பழைய பேச்சு கல்லூரி வாசல் வரைக்கும் இப்போது பொருந்தாது.

அடைப்பு வேறு இடங்களில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் கல்யாணம் பேசி முடித்ததும் படிப்பு அந்தரத்தில் நிற்கிற பிள்ளை ஒருத்தி. எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடித்ததும் பெண்களுக்கான மார்க்கக் கல்விக்கூடமான நிஸ்வான் மதரஸாவில் சேர்ந்து, ஆலிமா என்ற மார்க்கக் கல்விப் பட்டம் வாங்கி, பிளஸ் டூ சான்றிதழ் இல்லாமல் வெளியே வருகிற பிள்ளை இன்னொருத்தி. டிகிரி முடித்து அதை பீரோவுக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற பெண் மூன்றாமவள். இவர்களில் யாருக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறோம் என்று முடிவு செய்தால், எந்தப் படிப்பு என்பதில் பாதி தெளிந்துவிடும்.

என் தெருப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மதரஸாவுக்குப் போன புள்ளைங்க. எங்கூட அஞ்சாவது வரைக்கும் படிச்சதுல பாதிப் பேர் அங்கதான் போனாங்க. நல்லா படிச்சவங்க, லாத்தா" என்றாள்.

எம்.எட். என்றால் என்ன கிடைக்கும் என்று முதலில் பார்த்தோம். 2015-ல் அது இரண்டு ஆண்டுப் படிப்பாக ஆனது, பி.எட். போன்ற ஆசிரியர் பயிற்சி இருந்தால்தான் சேர முடியும். அவளிடம் முதுகலையும் பி.எட்.டும் இருப்பதால், எம்.எட். முடித்தால் பி.எட். கல்லூரியில் பாடம் நடத்தப் போவதற்கு அதுதான் நேர் வழி. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கல்வியியல் கல்லூரி இருக்கிறது. தினமும் போய்வர முடியாத தூரம். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். எம்.எட்.டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு பி.எட். கல்லூரி ஆசிரியர் ஆண்டுக்கு ஐம்பது நூறு ஆசிரியைகளை உருவாக்குகிறார். நம் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்த ஒருத்தி அந்த இடத்தில் இருப்பது பெரிய காரியம். வேலை உறுதி வேண்டும், ஊரை விட்டு ரொம்ப தூரம் போக முடியாது என்கிற பெண்ணுக்கு நான் எம்.எட்.டைத்தான் சொல்வேன். அதில் எனக்குள்ள தயக்கம் ஒன்றுதான். நம் பக்கத்து எம்.எட். வகுப்பறை பெரும்பாலும் கல்வி உளவியல், புள்ளியியல், ஆய்வுமுறை என்று பள்ளிக்கூடத்துக்குள்ளேயே சுற்றும். பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளையைப் பற்றி யோசிக்க அங்கே இடம் குறைவு.

இந்தத் தயக்கம் என் சொந்த அனுபவத்திலிருந்து வந்தது. நான் பிஎச்.டி. செய்தது வேலையில் இருந்துகொண்டே, பகுதிநேரமாக, ஏழு ஆண்டுகள். ஊரை விட்டு நகரவில்லை. தலைப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை, எனக்குக் கொடுக்கப்பட்டது: கல்லூரி மாணவியரின் உயர்கல்வி மனப்பான்மை. நாற்பது கூற்றுகள் கொண்ட வினாத்தாள். ஒவ்வொன்றுக்கும் 'முழுதும் ஏற்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டம். முந்நூறு மாணவியரிடம் கொடுத்து வாங்கினேன். டி-டெஸ்ட் என்ற புள்ளியியல் சோதனை போட்டேன். நகரம், கிராமம், கலை, அறிவியல் என்று பிரித்துப் பார்த்து, 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று பக்கம் பக்கமாக எழுதினேன்.

அந்த முந்நூறு தாள்களில் ஒன்று மட்டும் இன்னும் என்னிடம் தனியாக இருக்கிறது. வேதியியல் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை. நாற்பது கட்டத்தையும் ஒழுங்காக டிக் அடித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்: 'மிஸ், இதில் கேட்காத ஒன்று சொல்லலாமா? ஷஃபான் பிறை 14-ல் எனக்கு நிக்காஹ். தியரி பரீட்சை எழுத மாப்பிள்ளை வீட்டில் சம்மதித்துவிட்டார்கள். பிராக்டிகல் மட்டும் வேண்டாம் என்கிறார்கள், அந்தத் தேதியில் விருந்து இருக்கிறது.' முதுகலைப் படிப்பில் உங்களுக்கு ஆர்வம் உண்டு என்ற கூற்றுக்கு அவள் 'முழுதும் ஏற்கிறேன்' என்று போட்டிருந்தாள். என் அட்டவணையில் அந்த டிக் மட்டும் ஏறியது. பென்சில் எழுத்தைப் போட எந்தக் கட்டமும் இல்லை. நெறியாளரிடம் காட்டினேன். "அதெல்லாம் டேட்டா இல்லம்மா" என்றார். அன்றைக்கு எனக்கு எதிர்த்துப் பேசத் தெரியவில்லை. அவர் சொன்னது தவறு என்பது மனசுக்குத் தெரிந்தது. அதை ஆய்வாக எப்படி ஆக்குவது என்று யாரும் எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கவில்லை.

அதனால்தான் நேரே பிஎச்.டி. போகலாமா என்று அவள் கேட்டபோது வேண்டாம் என்றேன். அவளுக்கு அது இப்போது முடியவும் முடியாது. கல்வியியல் துறையில் பிஎச்.டி. சேர எம்.எட். அல்லது எம்.ஏ. கல்வியியல்தான் பெரும்பாலும் கேட்பார்கள். எம்.எஸ்.சி. கணிதத்தை வைத்துக் கணிதத்தில் செய்யலாம், அது மதரஸாப் பிள்ளைக்கு உதவாது. ஆனால் பிஎச்.டி.யின் விதிகள் முன்பைவிடப் பெண்களுக்கு இசைவாக இருக்கின்றன, அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 நவம்பரில் வந்த பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு, சாதாரணமாக ஆறு ஆண்டு வரை. மறுபதிவும் பெண்களுக்கான தளர்வும் சேர்த்தால் பத்து ஆண்டு வரை போகலாம். பிள்ளைப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு 240 நாள். வேலையில் இருப்பவர்கள் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றோடு பகுதிநேரமாகச் செய்யலாம். தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. கிடையாது. அப்படி யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்டாதீர்கள்.

தொலைநிலை எம்.ஏ. பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் எம்.ஏ. கல்வியியல் உண்டு, பாடப் புத்தகங்கள் தரமானவை. வீட்டை விட்டு ஒரு நாளும் நகர முடியாத பெண்ணுக்கு அது மூடிய கதவில் ஒரு ஜன்னல். நாற்பது வயதில் வேலைக்காக அன்றி மனசுக்காகப் படிப்பவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். 27 வயதில், முன்னே முப்பது ஆண்டு வேலை செய்யப் போகிறவளுக்கு அது போதாது. கூடப் படிப்பவர்களோடு சண்டை போட்டுக் கற்கும் விஷயங்கள் தபாலில் வராது.

மிச்சம் இருப்பது வெளியூரில் முழுநேர எம்.ஏ. இதைப் பற்றித்தான் நாங்கள் அதிக நேரம் பேசினோம்.

பெங்களூரில் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2010-ல் தொடங்கப்பட்டது. அங்கே எம்.ஏ. கல்வியியல் இரண்டு ஆண்டு, பி.எட். கூடக் கட்டாயமில்லை. கல்வியின் தத்துவம், சமூகவியல், கொள்கை என்று விரியும் படிப்பு. களத்துக்குப் போய்த் தங்கி, பார்த்து, கேட்டு, எழுதுவதும் பாடத்தின் பகுதி. கட்டணம் அதிகம் என்றாலும் குடும்ப வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகை உண்டு. இராமநாதபுரத்திலிருந்து ஒரு ராத்திரிப் பயணம். அவள் உம்மாவுக்கு இருந்த பயம் வேறு: "அங்கதான முக்காடு போட்ட புள்ளைங்களை வாசல்லயே நிப்பாட்டுனாங்க?" 2022-ல் கர்நாடகத்தின் உடுப்பியில் தொடங்கிய ஹிஜாப் பிரச்சினை இன்றும் நம் வீடுகளில் பேச்சாக இருக்கிறது. அந்தத் தடை சீருடை உள்ள பள்ளிகளையும் கல்லூரிகளையும் பற்றியது, முதுகலை மாணவிக்கு இந்த இடத்தில் அந்தச் சிக்கல் இல்லை என்று விளக்கினேன். உம்மாமாரின் பயத்தை அறியாமை என்று நான் ஒதுக்க மாட்டேன். அவர்கள் டி.வி.யில் பார்த்தது நடந்த விஷயம். சேர்வதற்கு முன் அவளையும் உம்மாவையும் ஒரு தடவை நேரில் கூட்டிப்போய் வளாகத்தையும் விடுதியையும் காட்டிவிட்டு வருவது நல்லது.

இன்னொரு பக்கம் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் தில்லி ஜாமியா மில்லியாவும். இரண்டுமே மத்தியப் பல்கலைக்கழகங்கள், கட்டணம் குறைவு. அலிகரில் ஷேக் அப்துல்லாவும் அவர் மனைவி வாஹித் ஜஹான் பேகமும் 1906-ல் ஐந்தாறு சிறுமிகளை வைத்துத் தொடங்கிய பள்ளிதான் பின்னால் மகளிர் கல்லூரியாக வளர்ந்தது. ஊரே எதிர்த்த காலத்தில் நடந்த வேலை அது. என் தெருப் பெண்ணின் விருப்பத்துக்கு அலிகரில் நேரடியான ஒரு விஷயமும் இருக்கிறது. மதரஸாவில் ஓதி முடித்த பிள்ளைகளைப் பொதுப் படிப்புக்குக் கொண்டுவர 2013-லிருந்து அங்கே இணைப்புப் பாடத்திட்டம் ஒன்று நடக்கிறது. ஆலிமாப் பிள்ளை எங்கே தடுமாறுகிறாள், எதில் வேகமாக முன்னேறுகிறாள் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். ஜாமியா பழைய தில்லித் தெருக்களில் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து நடத்தும் பாலக் மாதா மையங்களும் அப்படித்தான்.

தடை மொழி. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் விடுதி, கேண்டீன், நட்பு எல்லாம் உருதும் இந்தியும். நம் கரைப் பிள்ளைகளுக்குத் தமிழ்தான் தாய்மொழி. ஆம்பூர், வாணியம்பாடிப் பெண்ணாக இருந்தால் நான் யோசிக்காமல் அலிகர் என்று சொல்லியிருப்பேன், அவர்களுக்கு வீட்டில் பேசுவதே உருது. ஹைதராபாத்தில் உள்ள மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகமும் அவர்களுக்குத் திறந்த வாசல். கீழக்கரைப் பெண்ணுக்கு முதல் ஆண்டு முழுக்க மொழியோடு மல்லுக்கட்டிலேயே போய்விடும். இரண்டு நாள் ரயில் பயணத் தூரத்தில் நாலு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு அந்தத் தனிமையைத் தாங்குவது கடினம்.

மலேசியா பற்றியும் கேட்டாள். அவளுக்குப் பினாங்கில் சொந்தம் இருக்கிறது. 1983-ல் தொடங்கி, இப்போது கோலாலம்பூர் பக்கத்துக் கோம்பாக்கில் நடக்கும் பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் புலம் உண்டு, மார்க்கக் கல்வியையும் பொதுக் கல்வியையும் ஒன்றாக யோசிப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். இங்கிலாந்துக்கு செவெனிங் உதவித்தொகை இருக்கிறது, இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள், ஓராண்டு படிப்பு, முடித்ததும் நாடு திரும்ப வேண்டும். கிடைத்தால் நல்லது. ஆனால் கீழக்கரைப் பிள்ளைகளுக்காகப் படிப்பவளுக்கு முதல் படியாக அது அவசியமில்லை. பிறகு போகலாம்.

பணம் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கு 2009-லிருந்து இருந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை 2022-ல் மத்திய அரசு நிறுத்திவிட்டது. அதை நம்பித் திட்டம் போட்டிருந்த பெண்களை எனக்குத் தெரியும். பாதியில் நின்றவர்களும் உண்டு. இப்போது பிஎச்.டி.க்குப் பணம் வேண்டுமென்றால் யு.ஜி.சி.யின் நெட் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்குவதுதான் முக்கிய வழி. 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பொது வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு. என் தெருப் பெண் 29 வயதில் எம்.ஏ. முடித்தாலும் 35 வரை எழுதலாம். ஜே.ஆர்.எஃப். கிடைக்காவிட்டாலும் நெட் மதிப்பெண்ணை வைத்தே இப்போது பிஎச்.டி. சேர்க்கை நடக்கிறது, ஆனால் அது ஓராண்டுக்குத்தான் செல்லும்.

இட ஒதுக்கீட்டிலும் ஒரு குழப்பம் வருகிறது. தமிழக அரசு 2007-ல் கொடுத்த 3.5 சதவீதம் மாநிலத்தின் கல்வி இடங்களுக்கும் அரசு வேலைகளுக்கும்தான். தில்லியில் அதைக் காட்ட முடியாது. அங்கே மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். மரைக்காயர், ராவுத்தர், லெப்பை எல்லாரும் மத்தியப் பட்டியலில் இருக்கிறோம். கையில் இருக்கும் சாதிச் சான்றிதழே போதும் என்று நினைத்துக் கடைசி நாளில் தாலுகா ஆபீஸுக்கு ஓடாதீர்கள்.

வீட்டு நிலைமை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். இதனால் பெண் தெருவை விட்டு நகர்வதில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது பெரிய பலமாகப் படுகிறது. கல்யாணத்துக்குப் பிறகும் உம்மா, உம்மாவின் உம்மா, சாச்சி எல்லாரும் ஒரே கூரையின் கீழ். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டாம், மாமியாரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். கணவர் சபரில் இருக்கும் இரண்டு ஆண்டு, அவர் திரும்பி வந்த பிறகு உள்ள எந்த இரண்டு ஆண்டைவிடவும் வெளியூர் போக வசதியான காலம். அவரிடம் படிப்பு முடிந்தபின் என்ன வேலை, சனி ஞாயிறு எப்படி, செலவு எவ்வளவு என்று எழுதிக் காட்டிப் பேசச் சொன்னேன். மொட்டையாக 'படிக்கப் போறேன்' என்றால் யாரும் பயப்படத்தான் செய்வார்கள்.

எல்லாம் பேசியபின் நான் சொன்னது இதுதான். பெங்களூரில் இரண்டு ஆண்டு எம்.ஏ. படி. களப்பணிக்கு வாய்ப்பு வரும்போது நம் பக்கத்து நிஸ்வான் மதரஸாக்களையே எடுத்துக்கொள். இடையில் ஒரு மாதம் அலிகர் போய் அந்த இணைப்புப் பாடத்தைப் பார்த்துவிட்டு வா. பிறகு ஊருக்குத் திரும்பி, வேலையில் சேர்ந்து, பகுதிநேரமாகவோ ஜே.ஆர்.எஃப்.பிலோ பிஎச்.டி. செய். நான் ஊரிலேயே இருந்து ஊரைப் படித்தேன், கட்டத்துக்கு வெளியே எழுதியதை என்ன செய்வதென்று தெரியாமல் போயிற்று. நீ கொஞ்சம் விலகி நின்று பார்க்கக் கற்றுக்கொண்டு திரும்பி வா.

அப்படித் திரும்பி வந்தால் செய்ய எவ்வளவோ இருக்கிறது. என் உம்மாவின் உம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் எழுதவும் படிக்கவும் தெரியும், கொழும்பிலிருந்து வரும் கடிதத்தை அவரேதான் படிப்பார். கணக்கெடுப்பில் அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். நாகூரில் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட சித்தி ஜுனைதா பேகம் 1938-லேயே நாவல் வெளியிட்டார். நம் பெண்களிடம் இருந்த இந்தக் கல்வியை இன்னும் முழுதாக யாரும் எழுதவில்லை. ஆலிமாப் பிள்ளைகள் தனித்தேர்வராகப் பத்தாவதும் பிளஸ் டூவும் எழுத ஒரு மதரஸா தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதை, கணிதமும் தெரிந்து மதரஸாவும் தெரிந்த ஒருத்தி செய்து காட்ட வேண்டும். மதரஸா ஆசிரியர்களான உஸ்தாதுமார் அவளை வெளியாளாக நினைக்க மாட்டார்கள்.

எல்லாருக்கும் பெங்களூர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கணவனை இழந்து சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண் எம்.எட். படிக்கட்டும். கல்யாணத்தில் படிப்பு நிற்கும் பிள்ளைகளைப் பற்றியே யோசிப்பவள் கல்வியியலை விட மகளிரியலைப் பார்க்கலாம். கொடைக்கானலில் 1984-லிருந்து அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் கட்டியெழுப்பிய, முஸ்லிம் பெண்களே கூடிக் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் பெண்கள் ஜமாஅத்தில் சில வாரம் உட்கார்ந்து, வருகிற வழக்குகளைக் கேட்டாலே ஆய்வுக் கேள்விகள் தானாகக் கிடைக்கும்.

கிளம்பும்போது அந்தப் பென்சில் எழுத்துத் தாளைப் பார்க்க வேண்டும் என்றாள். பீரோவிலிருந்து எடுத்துக் காட்டினேன், கையில் கொடுத்தனுப்பவில்லை. தாளில் பெயர் இல்லாவிட்டாலும் யாருடையது என்று எனக்குத் தெரியும், அது என்னை நம்பிச் சொன்னது. நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தாள்.

"இந்தப் புள்ள இப்ப எங்க இருக்கு, லாத்தா?"

"சென்னையில. ரெண்டு புள்ளைங்க. பிராக்டிகல் இன்னும் எழுதலை."

"போன் நம்பர் இருக்கா?"

இருந்தது. கொடுக்கட்டுமா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னேன். மறுநாள் கேட்டேன், சரி என்றாள்.